எக்கோவைக் குறைத்துக் கேட்ட ஆல்பங்கள்

மேடை ஏறுகிற பாடகர்கள் மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "அண்ணே, கொஞ்சம் எக்கோ போடுங்க." கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்கு மைக் செட் தொழில். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கரும் அஹூஜா ஆம்ப்ளிஃபையரும். என் காலத்தில் பாக்ஸ் ஸ்பீக்கரும் டிஜிட்டல் மிக்ஸரும். சாமான் மாறியது, எக்கோ கேட்பது மட்டும் மாறவில்லை. பாடத் தெரிந்தவரும் கேட்பார், தெரியாதவரும் கேட்பார். பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர்கூடக் கேட்டிருக்கிறார்.

எக்கோ என்று நாங்கள் சொல்வதில் ரிவர்ப், டிலே எல்லாம் அடக்கம். குரல் நின்ற பிறகும் அதன் வால் கொஞ்ச நேரம் காற்றில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த வால் அடுத்த ஸ்வரத்தின் மேல் வந்து படியும். சுருதி மயிரிழை விலகியிருந்தால் மூடிவிடும். மூச்சு வாங்கும் சத்தத்தை மூடிவிடும். வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கியது வெளியே தெரியாது. 200 பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தில் பாடுகிறவருக்குப் பெரிய கோயில் பிராகாரத்தில் நின்று பாடுகிற தோரணை வந்துவிடும். அதனால் யார் பாட்டைப் புதுசாகக் கேட்டாலும் என் காது முதலில் அந்த வாலைத்தான் தேடும். அதை வெட்டிவிட்டால் இவர் நிற்பாரா? கீழே வரும் ஆல்பங்களை இந்த ஒரு கேள்வியோடுதான் கேட்டேன். ராகம், தாளம் பற்றி விவரமாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மார்கழியில் எங்களுக்கு விடிகாலை கோயிலில் திருப்பாவை போடுவதோடு சரி, கல்யாண வேலை கிடையாது. அந்தச் சமயத்தில்தான் படப் பாட்டு அல்லாததை உட்கார்ந்து கேட்க முடிகிறது. இந்த முறை பெண்கள் செய்த ஆல்பங்களாகவே எடுத்துக்கொண்டேன். அனுஷ்கா சங்கர், அரூஜ் ஆஃப்தாப் இரண்டு பேரும் பெயர் வாங்கியவர்கள். கணவ்யா, பிரியா ரகு இரண்டு பேரும் மேலே வந்துகொண்டிருப்பவர்கள், இரண்டு பேருமே தமிழ்ப் பெண்கள். நடுவில் கிராமி இசை விருது வாங்கிய இன்னொருவரும் உண்டு. ராத்திரி ஹெட்ஃபோனில் ஒரு தடவை, பகலில் கொல்லையில் பாக்ஸைக் கட்டி ஒரு தடவை என்று எல்லாவற்றையும் கேட்டேன். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இவற்றைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டாம். பாதி ஆல்பம் ஃபோனில் வரவே வராது.

முதலில் அரூஜ் ஆஃப்தாப். பாகிஸ்தான் பெற்றோருக்குச் சவூதி அரேபியாவில் பிறந்து, லாகூரில் வளர்ந்து, பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து, இப்போது நியூயார்க் புரூக்ளினில் இருக்கும் பாடகி. 2021-இல் வந்த 'வல்ச்சர் பிரின்ஸ்' ஆல்பத்தின் 'மொஹப்பத்' பாட்டுக்கு 2022-இல் கிராமி கிடைத்தது. பாகிஸ்தான்காரர் ஒருவருக்கு அதுதான் முதல் கிராமி. இறந்துபோன தம்பிக்குச் சமர்ப்பணம் செய்த ஆல்பம் அது. அதில் எக்கோ தாராளம், ஆனால் உறுத்தவில்லை. துக்க வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத மாதிரி எல்லா வாத்தியமும் தள்ளி நின்றன.

மே 2024-இல் வெர்வ் நிறுவனம் வெளியிட்ட 'நைட் ரெய்ன்' வேறு ரகம். 9 பாட்டு. இரவு ராஜ்ஜியம் என்று தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். இரவு என்றதும் எல்லாவற்றையும் புகை மூட்டமாக ஆக்கியிருப்பார் என்று நினைத்துப் போட்டால், 'போலோ நா' பாட்டில் பாஸ் வந்து நெஞ்சில் இடிக்கிறது. மேலே ஜோயல் ராஸின் வைப்ரஃபோன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம், கணீரென்று விழுகிறது. நடுவில் மூர் மதர் என்கிற அமெரிக்கக் கவிஞர் பாடாமல் பேசுகிறார். அந்தப் பேச்சு காய்ந்த குரலில் காதுக்குப் பக்கத்தில் வருகிறது, அரூஜின் குரல் பின்னாலிருந்து வருகிறது. இரண்டு குரலுக்கும் இரண்டு தூரம். எங்கள் ஊர் மேடையில் நாலு மைக்குக்கும் ஒரே எக்கோவைத் தட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டால் போதும்.

இந்த முடிவை எடுத்தவரும் அரூஜேதான். தன் ஆல்பங்களைத் தானே தயாரிக்கிறார், எங்கே எவ்வளவு இடைவெளி என்பதைத் தானே தீர்மானிக்கிறார். எங்கள் பக்கத்தில் மிக்ஸர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாடுகிற பெண் வந்து "ட்ரெபிள் குறைங்க" என்றால்கூட "நாங்க பாத்துக்கறோம்மா" என்பதுதான் பதில்.

ட்ரெபிள் என்றதும் இதைச் சொல்லிவிட வேண்டும். கே. பி. சுந்தராம்பாளையும் எல். ஆர். ஈஸ்வரியையும் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது. பெண் குரல் என்றால் மேலே ஏறி அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று கை தானாக ஈக்வலைஸரில் ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயிச் சத்தத்தை, ஏற்றும். அரூஜின் குரல் அடியில் இருக்கிறது. மேலே ஏற்றினால் மூச்சும் ஸகாரமும்தான் தெரியும். நடுப் பகுதியில் கொஞ்சம் இறக்கி, அடியை விட்டுக் கொடுத்தால்தான் அந்தக் குரலின் கனம் வருகிறது.

பாட்டுகளில் எனக்குப் பிடித்தவை 'நா குல்', 'ஸாகீ' இரண்டும். இரண்டுமே ஹைதராபாத்தில் வாழ்ந்த மஹ் லகா பாய் சந்தாவின் உருதுக் கவிதைகள். 1768-இல் பிறந்து 1824-இல் இறந்தவர். நிஜாம் அரசவையில் இருந்த தாசி, கவிஞர். உருதுவில் முழுக் கவிதைத் தொகுப்பு வெளிவந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். கல்லறை மௌலா அலி குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குத் திருவையாறுதான் ஞாபகம் வந்தது. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் சொந்தக் காசைப் போட்டுத் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினார். பெண்கள் ஆராதனையில் பாடக்கூடாது என்றிருந்த காலம் அது. இன்றைக்கு அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவதை டிவியில் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த அம்மாள் பெயர் தெரியும்? சரி, ஆல்பத்துக்கு வருவோம். 'ஸாகீ'யில் பியானோ வாசிப்பவர் விஜய் ஐயர், அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. 2023-இல் இவர்கள் இருவரும் ஷாஜாத் இஸ்மாயிலியும் சேர்ந்து 'லவ் இன் எக்ஸைல்' என்று ஓர் ஆல்பம் செய்தார்கள். அதன் பழக்கம் இங்கே தெரிகிறது. ஐயர் ஒரு கட்டையை அழுத்திவிட்டு அது அடங்கும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை. பியானோவின் சொந்த வால் போதும் என்று விட்டுவிடுகிறார்.

குறை உண்டு. முந்தைய ஆல்பத்தில் இருந்த 'லாஸ்ட் நைட்' இதில் மறுபடி வருகிறது. விருந்தாளி வாத்தியக்காரர்கள் அதிகம், நெரிசலாக இருக்கிறது. கழற்றியிருக்கலாம். 'ராத் கி ராணி'யில் குரலில் லேசாக ஆட்டோடியூன் வாடை, கம்ப்யூட்டரில் சுருதியைத் திருத்திய வாடை, அடிக்கிறது. சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அங்கே பொருத்தமாகவே பட்டது, வேறு எங்கும் அதைத் தடவவில்லை என்பதால். பழைய 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டை இருட்டுக்குள் இழுத்துப் போயிருக்கிறார், அதுவும் நன்று. 'விஸ்கி' என்று ஆங்கிலத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, குடித்துவிட்டுத் தோளில் சாய்கிற ஆளைப் பற்றியது. நம் ஊர் டாஸ்மாக் பாட்டுகளைக் கேட்டு நொந்தவர்களுக்கு ஒரு மாற்று.

அடுத்து அனுஷ்கா சங்கர். சிதார் மேதை ரவி சங்கரின் மகள், அப்பாவின் வாத்தியத்தோடு 1995-இல் 13 வயதில் மேடை ஏறியவர். அக்டோபர் 2023-இல் தொடங்கி மார்ச் 2025 வரை மூன்று சிறு ஆல்பங்களை 'சாப்டர்' ஒன்று, இரண்டு, மூன்று என்று பெர்லினில் இருக்கும் லைட்டர் நிறுவனத்தின் வழியாகக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் வேறு தயாரிப்பாளர். முதலாவதைத் தயாரித்தவர் நாம் இவ்வளவு நேரம் பேசிய அரூஜ்தான்.

சிதாரில் ஒரு சங்கதி இருக்கிறது. வாசிக்கிற தந்திகளுக்கு அடியில் தரப் என்று ஒரு வரிசைத் தந்திகள் ஓடும். அவற்றை மீட்டுவதில்லை. மேலே எந்த ஸ்வரம் வாசித்தாலும் அதற்குச் சுருதி சேர்த்த கீழ்த் தந்தி தானாக அதிரும். அதாவது சிதார் தன் எக்கோவைத் தானே கொண்டுவருகிற வாத்தியம். வீணையில் இது கிடையாது. அதனால் சிதாருக்கு மேலே நாம் எக்கோ போட்டால் அது இரட்டிப்பு. முதல் இரண்டு சாப்டர்களில் எனக்கு இருக்கும் வருத்தம் அதுதான். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. முதலாவதில் ஜெர்மன் இசைக்கலைஞர் நில்ஸ் ஃப்ராமின் பியானோவோடு சிதார் சேர்கிற இடங்கள் மத்தியானத் தூக்கத்துக்குத் தோதாக இருக்கின்றன. ஆனால் மீட்டின இடம் எங்கே, அதிர்ந்த இடம் எங்கே என்று தெரியாமல் எல்லாம் ஒரே மினுமினுப்பு. விரலில் மாட்டுகிற மிஸ்ராப் கம்பி தந்தியில் படுகிற அந்தச் 'டிங்' எனக்கு வேண்டும்.

மூன்றாவது சாப்டரில் அது கிடைக்கிறது. 'வீ ரிட்டர்ன் டு லைட்' என்று பெயர். அலி அக்பர் கானின் மகன் ஆலம் கான் சரோத் வாசிக்கிறார். அலாவுதீன் கானின் சொந்தப் பேரன் அவர். அனுஷ்காவின் அப்பாவோ அதே அலாவுதீன் கானின் சிஷ்யர். அப்பாமார் இருவரும் மேடைகளில் ஜோடியாக வாசித்தவர்கள், இப்போது பிள்ளைகள். குடும்பப் பெருமையை விடுங்கள், சத்தத்தைக் கவனியுங்கள். சரோத்தின் முகப்பில் தோல் போர்த்தியிருக்கும், அதனால் அடி காய்ந்து, குட்டையாக விழும். சிதாரின் நீண்ட வாலுக்குப் பக்கத்தில் அந்தக் குட்டை அடி வந்ததும் இரண்டும் தனித்தனியாகத் துலங்குகின்றன. தாளத்துக்கு ஸாரதி கோர்வார். அகமதாபாத்திலும் சென்னையிலும் வளர்ந்த டிரம்மர். 'டான்ஸிங் ஆன் ஸ்கார்ச்ட் எர்த்' பாட்டை பாக்ஸில் போட்டபோது கொல்லையில் மேய்ந்த கோழி ஓடிவிட்டது. மூன்றில் ஒன்று வாங்குவதானால் இதை வாங்கலாம். மற்ற இரண்டையும் ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதும்.

இரண்டாவது சாப்டர் 2025 கிராமிக்குப் பரிந்துரையானது. நியூ ஏஜ், ஆம்பியன்ட், மந்திர ஆல்பம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பிரிவு அது. அந்தப் பிரிவில் ஜெயித்தது 'திரிவேணி'. சென்னையில் பிறந்து, மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் படித்த சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல்காரர் வௌட்டர் கெல்லர்மேன், ஜப்பானிய செல்லோ கலைஞர் எரு மட்சுமோட்டோ மூவரும் சேர்ந்து செய்தது. டாண்டன் அம்மையார் இந்திரா நூயியின் அக்கா. வியாபார ஆலோசனைத் தொழிலில் பெரிய ஆள். எழுபதுகளில் நுழைந்தவர் புடவையில் போய் கிராமி வாங்கி வந்தது சந்தோஷமான விஷயம்தான், அதை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் என் கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும். வேத மந்திரத்துக்கு உயிர் எழுத்தில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாடசாலையில் பிள்ளைகள் சொல்வதை வாசலில் நின்று கேட்டால் ஒவ்வொரு ஒற்றும் கல்லில் அடித்த மாதிரி இருக்கும். 'திரிவேணி'யில் அது ஸ்பா நடத்துகிறவர்கள் விரும்புகிற அளவுக்கு மிருதுவாகிவிட்டது. குழலும் செல்லோவும் இதமாக இருக்கின்றன. எக்கோவைக் குறைத்தால் என்ன மிஞ்சும் என்று எனக்கு நிச்சயமில்லை. தலைவலிக்குக் கேட்கலாம்.

இனி கணவ்யா. இந்தப் பட்டியலில் நான் அதிக நேரம் செலவிட்டது இவரோடுதான்.

நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி. ஜலதரங்கம் வாசித்த கலைமாமணி சீதா துரைசாமியின் பேத்தி. ஜலதரங்கம் மைக் வைக்கிறவனுக்கு ஒரு பரீட்சை. பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்ப்பார்கள். தண்ணீர் கூடினால் ஸ்வரம் இறங்கும், குறைந்தால் ஏறும். ஃபேன் காற்று பட்டால் தண்ணீர் நடுங்கும், ஸ்வரமும் நடுங்கும். குச்சி படுகிற சத்தம் கூர்மையாக வரும், பின்னால் நாதம் மெலிசாக வரும். மைக்கை கிட்டே வைத்தால் குச்சிதான் கேட்கும், தள்ளி வைத்தால் தவில்தான் கேட்கும். அப்படிப்பட்ட வாத்தியத்தோடு வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு மெல்லிய சத்தத்தின் மேல் பயம் இல்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

2018-இல் ஜாஸ் பாட்டுகளைத் தமிழில் பாடிய 'ஐக்கியம்: ஒண்ணு' வந்தபோது இவரைப் பலருக்குத் தெரியாது. 2024-இல் இரண்டு ஆல்பம் வந்தது. இரண்டாவதான 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஹூஸ்டன் நகரத்தில் 30-க்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டி வைத்துச் செய்தது. விஜய் ஐயர் இங்கேயும் இருக்கிறார். ஜாஸ் கலைஞர்கள் எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங், ஷபாகா ஹட்சிங்ஸ், நாடக இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் என்று பெரிய கூட்டம். ஆலிஸ் கோல்ட்ரேனின் நினைவில் செய்த கூட்டு வழிபாடு என்றே சொல்லலாம். ஆலிஸ் கோல்ட்ரேன் அமெரிக்க ஜாஸ் உலகில் ஹார்ப் என்கிற யாழ் மாதிரி வாத்தியம் வாசித்த மேதை. 1971-இல் அவர் வெளியிட்ட ஆல்பம் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்தச் சச்சிதானந்தர் யார்? கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969-இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவரும் அவர்தான். கொங்கு நாட்டுச் சாமியார் ஒருவரை அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் குருவாக ஏற்றார். அவருடைய இசையைத் தேடி இன்னொரு தமிழ்ப் பெண் ஹூஸ்டனுக்குப் போனார். நல்ல சுற்றுதான்.

ஆனால் ஆல்பமாகக் கேட்கும்போது 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' எனக்கு முழுக்க ஒட்டவில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது பெரிய அனுபவமாக இருந்திருக்கும். வெளியே நிற்கிற எனக்கு, பஜனை மடத்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிற உணர்வுதான். யாரோ பேசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், ஆலிஸின் கணவர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' வரியைக் கூட்டமாக ஓதுகிறார்கள். கணவ்யாவின் குரல் வந்ததும் மனசு ஒட்டுகிறது, அப்புறம் கூட்டம் மூடிவிடுகிறது.

2025-இல் லைட்டரில் வந்த 'நிலம்' கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரல், டபுள் பாஸ் என்கிற ஆள் உயரத் தந்தி வாத்தியம், ஹார்ப். முக்கால்வாசி அவ்வளவுதான். தயாரிப்பு நில்ஸ் ஃப்ராம். இவருடைய ஸ்டூடியோ பெர்லின் ஃபுங்க்ஹவுஸில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி அரசு வானொலிக்காக 1950-களில் கட்டிய கட்டடம் அது, ஒலிக்காகவே அளந்து கட்டிய கூடங்கள். அந்தக் காலத்து வானொலிக்காரர்கள் எக்கோ வேண்டுமென்றால் பொத்தானை அமுக்குவதில்லை. காலி அறை ஒன்றில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டை ஒலிக்க விட்டு, அறையின் மறு கோடியில் மைக் வைத்து அந்தச் சத்தத்தைத் திரும்ப எடுப்பார்கள். நிஜச் சுவர் தருகிற எக்கோ அது. மிக்ஸரில் வருகிற எக்கோ எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே வாலைப் போடும். சுவர் அப்படிப் போடாது. கும்பேஸ்வரர் கோயில் பிராகாரத்தில் ஓதுவார் பாடும்போது நின்று கேளுங்கள். சில ஸ்வரத்தைக் கல் பிடித்துக்கொள்ளும், சிலதை விட்டுவிடும்.

'நிலம்' ஆல்பத்தில் குரல் மைக்குக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. உதடு பிரிகிற சத்தம் கேட்கிறது. மூச்சு இழுப்பது கேட்கிறது, அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். குரலைச் சுற்றி இடம் இருக்கிறது, ஆனால் குரலின் மேல் எதுவும் படியவில்லை. வாலை வெட்டினால் நிற்பாரா என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை, அவரே முக்கால்வாசி வெட்டிவிட்டார். ஹார்ப் தந்தி விட்ட பிறகும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுக்குள் அடுத்த வரியைத் தொடங்குகிறார். வேறு சுருதிப் பெட்டி தேவைப்படவில்லை. யாழ் என்று நமக்கு இலக்கியத்தில் பேர் மட்டும் மிஞ்சிய இந்த ஜாதி வாத்தியம், தமிழ்ப் பாட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று தனியாக ஒருவர் எழுதலாம்.

ஞானேஸ்வரரின் மராத்திப் பிரார்த்தனையான 'பசாயதான்' இதில் இருக்கிறது. எனக்கு மராத்தி தெரியாது, இருந்தும் நான் அதிகம் திரும்பக் கேட்டதில் அதுவும் ஒன்று. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது 'சினத்தவர் முடிக்கும்'. அருணகிரிநாதர். சுவாமிமலையில் கிருத்திகைக்குத் திருப்புகழ் பாடுகிற கோஷ்டிக்கு மைக் வைத்து வளர்ந்தவன் நான். திருப்புகழ் என்றால் சந்தம், சந்தம் என்றால் ஓட்டம். ஜால்ராவும் மிருதங்கமும் பின்னால் துரத்த, வல்லின எழுத்துகள் படபடவென்று விழும். அதிலும் இது கோபக்காரர்களுக்கும் பகைவர்களுக்கும் திருப்புகழே நெருப்பு என்று எச்சரிக்கிற பாட்டு. கோஷ்டி பாடும்போது கொழுந்துவிட்டு எரியும். கணவ்யா அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, சந்தத்தைக் கழற்றினால் திருப்புகழில் என்ன இருக்கிறது என்று. திரும்பக் கேட்டபோது வார்த்தை கேட்டது. இத்தனை வருஷம் ஸ்பீக்கரில் அலறவிட்ட பாட்டில் இவ்வளவு மிரட்டல் இருக்கிறதா என்று ஆகிவிட்டது. சத்தம் போடாமல் மிரட்டுகிறவர்களிடம்தான் நாம் ஜாஸ்தி பயப்படுவோம்.

குறை சொல்லாமல் விட்டால் கை அரிக்கும். ஆல்பம் முழுக்க இந்த மெல்லிய குரல்தான். ஒரு இடத்திலாவது முழு வாய் திறந்து பாடியிருக்கலாமே என்று பாதிக்கு மேல் தோன்றுகிறது. ஹரிகதை மரபு பழகியவர், சபையைக் கட்டி இழுக்கிற குரல் அவரிடம் இல்லாமல் இருக்காது. அதை ஒளித்து வைத்திருக்கிறார். அப்புறம், பஸ்ஸில் போகும்போது இதைக் கேட்க முடியாது. எங்கள் ஊர் டவுன் பஸ் ஹார்னுக்கு முன்னால் இந்த ஆல்பம் காணாமல் போய்விடும். பேண்ட்கேம்ப் தளத்தில் காசு கொடுத்து முழுத் தரத்தில் இறக்கிக்கொண்டு, கரண்ட் போன ராத்திரியில் கேளுங்கள். ஃபேன் சத்தம் இருக்காது.

கடைசியாகப் பிரியா ரகு. ஈழத்திலிருந்து போன பெற்றோருக்கு சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனில் பிறந்தவர். விமானக் கம்பெனி ஒன்றில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே பாடியவர், முப்பது வயதுக்கு மேல்தான் முழு நேரப் பாடகி. இசை அவருடைய அண்ணன் ஜாஃப்னா கோல்ட். யாழ்ப்பாணத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டவர். 'குட் லவ் 2.0' என்ற பாட்டு ஃபிஃபா 21 விளையாட்டில் வந்து உலகம் சுற்றியது. 2021-இல் 'டாம்ஷீஸ்டாமில்'. அதில் மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமி கமலியைப் பற்றிய பாட்டு இருக்கிறது. அக்டோபர் 2023-இல் முதல் முழு ஆல்பம் 'சந்தோஷம்'.

இங்கே என் எக்கோ கேள்வி எடுபடாது. இது பாக்ஸுக்காகச் செய்த இசை. பாஸ் இறுக்கமாக இருக்கிறது, குரல் முன்னால் நிற்கிறது. தமிழ் வாத்தியச் சத்தங்களை எடுத்து டிரம் மெஷின் நடுவில் ஆணி அடித்த மாதிரி பொருத்தியிருக்கிறார் அண்ணன். 'பிளாக் கூஸ்' நிறவெறியைப் பற்றிய பாட்டு, கோபத்தை அடக்கித் தாளத்தில் வைத்திருக்கிறார்கள். நடுவில் வரும் ஆங்கிலக் காதல் பாட்டுகள் வழவழவென்று போகின்றன, யார் பாடியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். தமிழ் வருகிற இடமெல்லாம் பாட்டு எழுந்து நிற்கிறது. அது பல்லவியோடு நின்றுவிடுவதுதான் எனக்குக் குறை. அடுத்த ஆல்பத்தில் சரணத்தையும் தமிழில் பாடட்டும், சூரிச்சில் கேட்கிறவர்கள் ஒன்றும் ஓடிவிட மாட்டார்கள்.

'ஆடலாம் வா' பாட்டை இப்போதெல்லாம் பாக்ஸ் டெஸ்டிங்குக்குப் போடுகிறேன். அடி எவ்வளவு தாங்குகிறது, நடுவில் குரல் கரகரக்கிறதா என்று ஒரே பாட்டில் தெரிந்துவிடும். போன திருவிழாவில் கம்பத்தில் பாக்ஸ் ஏற்றிவிட்டு இதைப் போட்டதும் பந்தல் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்கள். "அண்ணே, இது என்ன படம்?" படம் இல்லை என்றேன். நம்பவில்லை. ஒருவன் ஃபோனை எடுத்துத் தேடினான், கிடைத்தது, அப்போதும் "டப்பிங் படமா இருக்கும்" என்றான். பூசாரி வந்து அம்மன் பாட்டுப் போடச் சொல்லும்வரை இன்னொரு தடவை ஓடியது.